எம் மூஞ்சி எங்க தம்பி? பறை ஒத்திகையும் புகைப்படமும்

"கையி என்னுதுதான். குச்சியும் என்னுதுதான். எம் மூஞ்சி எங்க தம்பி?"

விழுப்புரம் பக்கத்துக் காலனி ஒன்றில் இளைஞர்களுக்கு மேளம் கற்றுக்கொடுக்கும் பெரியவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் கையில் ஒரு சுவரொட்டி இருந்தது. அதில் இருந்தது நான் எடுத்த படம். சிவந்த வானம், ஏரிக்கரை, வரிசையாகக் கரிய உருவங்கள், தூக்கிய கைகள், வட்ட வட்டமாய்ப் பறைகள். பார்த்த தோழர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். சிலர் கைப்பேசித் திரையில் வைத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தில் பதிமூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கும் முகம் இல்லை.

"லைட்டு இல்ல தாத்தா" என்றேன்.

"லைட்டு நமக்கு எப்ப இருந்துச்சு?" என்று சொல்லிவிட்டுச் சுவரொட்டியை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது பதிலும் இல்லை. சரியான பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களின் படங்களை விமர்சிக்கும் முன் என் படத்தையே முதலில் நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

பறையை இன்று எங்கும் பார்க்கிறோம். புத்தக அட்டையில், மாநாட்டு அழைப்பிதழில், பனியனில், சினிமா விளம்பரத்தில். இந்தப் படங்களைக் கொஞ்சம் அடுக்கி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, ஸ்டுடியோக்காரர்கள் சில்லவுட் என்று சொல்லும் நிழலுருவம். இன்னொன்று ஆவேசம்: விரிந்த கண், கடித்த பல், பறக்கும் வியர்வை. முதல் வகையில் ஆள் இல்லை. இரண்டாம் வகையில் ஆள் உண்டு, ஆனால் அவன் யோசிக்கிறான் என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. சபாக்களில் எடுக்கப்படும் கச்சேரிப் படங்களை இவற்றின் பக்கத்தில் வையுங்கள். அங்கே மிருதங்கக்காரரின் முகத்தில் நேராக வெளிச்சம் விழுகிறது. அவர் கணக்கைப் பின்தொடரும் கண் தெரிகிறது. அடியில் பெயர் இருக்கிறது. ஒரு தோல்கருவிக்காரர் அறிஞராகவும் இன்னொரு தோல்கருவிக்காரர் இயற்கைச் சக்தியாகவும் படமாவது தற்செயல்தானா?

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். தொல்காப்பியம் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்த்துச் சொல்கிறது. வகுப்பில் அதைப் பெருமையோடு நடத்தினார்கள். திணைக்கொரு பறை என்று நாங்களும் பெருமையோடு மனப்பாடம் செய்தோம். அந்தப் பறையை இன்றைக்கு அடிப்பவன் எந்தத் தெருவில் இருக்கிறான் என்ற பேச்சு மட்டும் வகுப்புக்குள் வரவே இல்லை. கருவியை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவது அங்கேயே எனக்குப் பழக்கமாகியிருக்கிறது. ஏரிக்கரையில் நான் எடுத்த படமும் அதையேதான் செய்தது.

நிழலுருவம் எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் இதன் அரசியலைப் பேச முடியாது. கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு முகம் எது, வானம் எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக, அதாவது தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் பரப்பாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். பொழுது சாயும் நேரத்தில் மேற்கு வானத்தையும் ஏரித் தண்ணீரையும் பின்னால் வைத்துக்கொண்டு ஆட்களை நிறுத்தினால், முகத்தைவிட வானம் 16 மடங்கு, 32 மடங்குகூடப் பிரகாசமாக இருக்கும். ஒளிமானி அந்த வானத்தைச் சாம்பலாக்கப் பார்க்கும். அப்போது முகம் கரியாகிவிடும். கறுத்த தோலுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

இதற்கு மாற்று உண்டு. முகத்தை மட்டும் குறிவைத்து ஒளியை அளக்கலாம். வானம் வெளுத்துப் போனால் போகட்டும் என்று விடலாம். நாம் எதிர்ப்பக்கம் போய் நின்று, அந்தச் செவ்வொளி அவர்கள் முகத்தில் விழும்படி எடுக்கலாம். அன்றைக்கு நான் இவற்றில் எதையும் செய்யவில்லை. காரணம் எளிது. வானம் அழகாக இருந்தது. வானத்தைக் காப்பாற்ற வேண்டுமா, பதிமூன்று முகங்களைக் காப்பாற்ற வேண்டுமா என்ற இடத்தில் என் விரல் வானத்தைத் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பிறகு "லைட்டு இல்ல" என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

சரி, லைட்டு ஏன் இல்லை? இதையும் கேட்க வேண்டும். ஏப்ரல் மாதத்தில் எங்கள் பக்கம் ஆறே கால், ஆறரைக்குள் சூரியன் இறங்கிவிடும். அந்தக் குழுவில் பாதிப் பேர் கட்டட வேலை, செங்கல் சூளை. இரண்டு பெண்கள் நூறு நாள் வேலை முடிந்து வீட்டுச் சமையலையும் முடித்துவிட்டு வருகிறவர்கள். எல்லோரும் வந்து சேர ஆறரை ஆகிவிடும். அவர்களுடைய பகல் வெளிச்சம் முழுவதையும் காலையிலேயே கூலிக்கு விற்றாகிவிட்டது. மீந்திருப்பது இருட்டு. அந்த இருட்டில்தான் கலை வளர்க்கிறார்கள்.

இடமும் அப்படித்தான். ஊர்த்தெருவில் பள்ளிக்கூட மைதானம் உண்டு. கம்பத்தில் பெரிய விளக்கு உண்டு. அங்கே இவர்கள் ஒருநாள் பறையடித்துப் பார்த்தார்கள். "பிள்ளைங்க படிக்கிற நேரம், சத்தம் ஆவாது" என்றார்கள். அதே மைதானத்தில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி விடிய விடியப் பாடும். அது சத்தக் கணக்கில் வராது. கடைசியில் ஒத்திகைக்குக் கிடைத்தது ஏரிக்கரையில் சுடுகாட்டுப் பாதையை ஒட்டிய மேடு. ஒருபக்கம் சீமைக்கருவேல முள். மறுபக்கம் தண்ணீர். காலனி முகப்பில் நிற்கும் ஒரே எல்.இ.டி. விளக்கின் ஒளி அந்த மேட்டை எட்டும்போது செத்துப்போயிருக்கும். தோலைக் காய்ச்ச வைக்கோல் கொளுத்துவார்கள். அந்த நெருப்பும் புகையும்தான் மிச்ச வெளிச்சம். புகைப்படக்காரர்கள் இதைக் 'கடினமான ஒளிச்சூழல்' என்பார்கள். யாரால் கடினமானது என்பதையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். கூலி நேரமும் சாதி நிலவரையும் சேர்ந்து செய்த ஒளிச்சூழல் அது.

கருவிக்கும் சாதி உண்டா என்று சிலர் சிரிக்கலாம். கறுப்பர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ கேட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் கலர்ப் படங்களைக் கழுவும் லேப்களில் நிறம் சரிபார்க்க ஓர் அட்டை வைத்திருப்பார்கள். அதில் ஒரு வெள்ளைப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்புக் குழந்தையும் வெள்ளைக் குழந்தையும் சேர்ந்து நிற்கும் பள்ளிப் படத்தில் கறுப்புக் குழந்தையின் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தது பல காலம் ஒரு தொழில்நுட்பப் பிழையாகவே எண்ணப்படவில்லை. கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் 2009ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு செய்தி வருகிறது. கோடாக் நிறுவனத்தை அடர்நிறங்களைக் கவனிக்க வைத்த புகார்களில் முக்கியமானவை சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் கொடுத்தவை. தங்கள் சரக்கின் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். சாக்லேட்டுக்குக் கிடைத்த நியாயம் மனிதத் தோலுக்கு அதன் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

இன்னொன்று. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு கறுப்பர்களைக் கட்டாயமாகச் சுமக்கவைத்த பாஸ் புத்தகங்களுக்குப் படமெடுக்கப் போலராய்டு கருவிகள் பயன்பட்டன. அதை எதிர்த்து 1970ல் அந்த நிறுவனத்திலேயே வேலை செய்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரு கறுப்புத் தொழிலாளர்கள் கிளர்ச்சியைத் தொடங்கினார்கள். 1977ல் போலராய்டு அந்த நாட்டை விட்டு வெளியேறியது. கறுப்பு முகம் தெளிவாகத் தெரிவது எப்போதும் விடுதலை ஆகிவிடாது என்பதற்கும் இதுவே பாடம். அடக்க நினைப்பவனுக்கும் தெளிவான முகம் வேண்டும்.

நம் நாட்டுக் கதையும் அதுதான். 'இந்திய மக்கள்' என்ற எட்டுத் தொகுதிகளை 1868 முதல் 1875 வரை ஆங்கிலேய அரசு வெளியிட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தலைகளையும் மூக்குகளையும் அளந்தவர், 1909ல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். அந்தப் படங்களில் முகம் நன்றாகத் தெரியும். ஆனால் படத்தின் அடியில் பொதுவாக இருப்பது சாதியின் பெயர், ஆளின் பெயர் அல்ல. இன்று நாம் 'பறையிசைக் கலைஞர்' என்று மட்டும் போட்டுப் படம் வெளியிடுகிறோமே, தர்ஸ்டனிடமிருந்து நாம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம்?

ஆக, நம் முன்னால் இரண்டு அநீதிகள் இருக்கின்றன. முகத்தை அழிப்பது ஒன்று. முகத்தைக் கேட்காமல் எடுத்துக்கொள்வது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து யோசிக்காத எந்தத் தீர்வும் அரைகுறைதான்.

நிழலுருவத்துக்கு ஆதரவாகத் தோழர்கள் சொல்லும் வாதங்கள் மூன்று. முதலாவது, அது தனிமனிதனைக் காட்டாமல் சமூகத்தைக் காட்டுகிறது என்பது. முகமில்லாத திரளாக நம்மைப் பார்த்தவர்கள் ஆதிக்க சாதியினர். அவர்களுடைய பேச்சில் நாம் எப்போதும் பன்மை. சேரிக்காரனுங்க, காலனிப் பசங்க. அந்தப் பன்மையை நாமும் அட்டைப்படத்தில் அச்சடித்துச் சமூகம் என்று பெயர் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. எத்தனையோ சேரி வீடுகளில் அம்பேத்கர் படம் மாட்டியிருக்கிறது. கண்ணாடிக்குள் கண் தெரிய நம்மை நேராகப் பார்க்கிற முகம். அந்தப் படத்தை மாட்டியவர்களுக்குப் படம் என்றால் என்ன என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் பெரியவர் "எம் மூஞ்சி எங்க" என்று கேட்டார்.

இரண்டாவது, இருட்டுக்கும் ஓர் அழகு உண்டு என்பது. மறுக்கவில்லை. ஹார்லமில் பிறந்த ராய் டிகராவா (1919-2009) கறுப்பர்களின் வாழ்க்கையையும் ஜாஸ் இசைஞர்களையும் ஃபிளாஷ் போடாமல், இருக்கிற வெளிச்சத்திலேயே எடுத்தவர். அவர் படங்கள் மிகவும் இருண்டவை. ஆனால் அந்த இருட்டுக்குள் கண்ணைப் பழக்கினால் கன்னம் தெரியும், நெற்றிச் சுருக்கம் தெரியும், ஊதும் உதடு தெரியும். கறுப்புக்குள் எத்தனை படிகள் உண்டோ அத்தனையையும் அச்சில் கொண்டுவர உழைத்திருக்கிறார். என் ஏரிக்கரைப் படத்தில் கறுப்பு ஒரே கறுப்பு. தார் பூசினது மாதிரி. இருட்டில் எடுப்பதற்கும் இருட்டில் விட்டுவிட்டு வருவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மூன்றாவது வாதம்தான் கனமானது: நிழலுருவம் பாதுகாப்பு. இதை என்னால் லேசாகத் தள்ள முடியாது. முன்பு நான் எடுத்த ஒரு போராட்டப் படத்தில் முகம் பளிச்சென்று விழுந்த தம்பி ஒருவனை, அவனுக்கு வேலை கொடுத்துவந்த மேஸ்திரி அடுத்த திங்கட்கிழமை கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்டவனிடம் காரணம் எதுவும் சொல்லாமல், கைப்பேசியை எடுத்து என் படத்தைக் காட்டியிருக்கிறார். மூன்று மாதம் அவன் திண்டிவனம் வரை போய்க் கூலி தேடினான். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரு முகத்தை வெளிச்சத்தில் வைப்பதற்குக் கூலி விகிதத்தில் விலை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. படம் எடுத்தவன் அந்த விலையைக் கொடுப்பதில்லை என்பதும் தெரிந்தது.

ஆனால் ஏரிக்கரையில் நான் நிழலுருவம் எடுத்தபோது யாருடைய பாதுகாப்பையும் நினைக்கவில்லை. வானத்தை நினைத்தேன். பாதுகாப்பு என்பது பிறகு கண்டுபிடித்த சமாதானம். முகத்தை மறைப்பதா காட்டுவதா என்று முடிவு செய்யவேண்டியது அந்த முகத்துக்குச் சொந்தக்காரர். புகைப்படக்காரனின் ரசனை அந்த இடத்தில் உட்காரக் கூடாது.

போன ஏப்ரலில், 14ஆம் தேதி நிகழ்ச்சிக்காக அதே குழு அதே மேட்டில் ஒத்திகை பார்த்தது. பெரியவர்தான் என்னைக் கூப்பிட்டார். "வா, இந்த வாட்டி மூஞ்சோட எடு" என்றார். முதல்நாள் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவில்லை. உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பதினோரு பேர் முகமும் பெயரும் வரலாம் என்றார்கள். வேலை இழந்த தம்பி முகம் சரி, பெயர் வேண்டாம் என்றான். ஓர் அக்கா, "எங்க வூட்ல நான் மேளம் அடிக்கிறது தெரியாதுப்பா. முதுகு எடு. கையும் மேளமும் வரட்டும்" என்றார். அவர் முதுகை அன்றைக்கு நான் எடுத்த படம் நிழலுருவப் படத்தைவிட ஆயிரம் மடங்கு மேலானது என்பேன். அந்த முதுகு அவர் எடுத்த முடிவு.

இனி வெளிச்சம். ஃபிளாஷ் நேராக அடித்துப் பார்த்தேன். வியர்வை வெள்ளைப் பொட்டுகளாகத் தெறித்தது. வைக்கோல் புகை முழுவதும் முன்னால் வெளுத்து நின்றது. பின்னால் இருந்தவர்கள் காணாமல் போனார்கள். ஃபிளாஷை விட்டுவிட்டு லென்ஸை எஃப் 1.8 வரை திறந்தால் வெளிச்சம் வருகிறது, ஆனால் முன்வரிசையில் ஒருவர் முகம் மட்டும் தெளிவாக, மற்றவர்கள் மசமசவென்று போகிறார்கள். ஒருவரைக் கலைஞராக்கிப் பன்னிரண்டு பேரைப் பின்னணி ஆக்கும் கணக்கு அது. எல்லோரும் தெளிவாக வேண்டுமென்றால் எஃப் 4 வேண்டும். அதற்கு ஐ.எஸ்.ஓ. 6400க்கு ஏற்ற வேண்டும். படம் மணல் தூவினது மாதிரி வரும். வரட்டும் என்று முடிவு செய்தேன். மணலுக்குப் பின்னால் பதிமூன்று பேரும் இருப்பார்கள்.

அப்போதும் போதவில்லை. குழுவிலிருந்த ஒரு தம்பிதான் வழி சொன்னான். இரண்டு பைக்குகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விளக்கை ஆட்கள் முகத்தில் அடிக்காமல், எதிரே இரண்டு கழியில் கட்டிய வெள்ளை வேட்டியில் அடித்தார்கள். வேட்டியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் மெத்தென்று எல்லார் முகத்திலும் விழுந்தது. காய்ச்சும் நெருப்பை வலப்பக்கம் தள்ளிப் போட்டார்கள். ஒரு கன்னம் செம்மஞ்சள், மறு கன்னம் வெளிர்நிறம். கைகள் வேகமாக அசைவதால் 1/60 வினாடியில் குச்சி கலங்கத்தான் செய்யும். ஆனால் ஒவ்வோர் அடிச்சுற்றும் முடிகிற இடத்தில் உடம்பு ஒரு கணம் நிற்கிறது. முதல்நாள் சும்மா உட்கார்ந்து பார்த்ததால் அந்த இடம் எனக்குத் தெரிந்திருந்தது. ஒத்திகையைக் கேட்கத் தெரியாதவன் ஒத்திகையைப் படமெடுக்க முடியாது.

ஒத்திகையைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "உங்களுக்கு ரத்தத்திலேயே ஊறினதுய்யா" என்று பறையைப் பாராட்டுகிறவர்கள் நிறையப் பேர். இதைவிடப் பச்சையான சாதிப் பேச்சு கிடையாது. பிறப்பால் தொழில் என்பதைப் புகழ்ச்சியாக மாற்றிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். இந்தப் பெரியவர் இருபது வருஷத்துக்கு முன் "சாவுக்கு அடிக்க மாட்டேன்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டுக் குச்சியைக் கீழே போட்டவர். விடுதலை மேடைக்கு என்று கேட்டபோதுதான் மறுபடி எடுத்தார். அவர் பேரன் காலத்துப் பையன்களுக்கு ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் ஊறியிருந்தால் அவர்கள் ஏன் ஒரே அடியை ஐம்பது தடவை தப்பு தப்பாக அடித்துக்கொண்டிருக்க வேண்டும்? ஒத்திகையில் அவர் விரல்விட்டு எண்ணுகிறார். ஒருத்தியின் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்துகிறார். ஒருவன் முகம் சுளிக்கிறான், இன்னொருவன் யோசிக்கிறான். கற்றல் நடக்கிற முகம் அது. நிழலுருவமும் ஆவேசமும் மறைத்துவிட்டது அந்த முகத்தைத்தான்.

'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் பழனிக்குமார் போன்றவர்கள், உழைக்கும் மக்களின் பிள்ளைகள் கையிலேயே கேமராவைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். அதுதான் முடிவான வழி. அதுவரை என்னைப் போன்ற இடைத்தரகர்களுக்கும், நம் இதழ்களின் ஆசிரியர்களுக்கும் சொல்ல மூன்று சொற்கள் உண்டு. கேட்டு எடுங்கள். கேட்டுப் பெயர் போடுங்கள். வானத்தை விடுங்கள்.

படத்தை அச்சுப் போட்டுப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தன் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன் முகத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிசையாக ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனார். இரண்டாம் வரிசைக் கடைசியில் விரல் நின்றது.

"இவன் அடிக்குச்சிய இப்படியா புடிக்கிறான்? இத்தினி நாளா எங்கண்ணுல படலியே. நாளைக்கு அவன சீக்கிரம் வரச் சொல்லு."